மார்புப் படம்: 2021 கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் 22, 2021

கொரோனா சிகிச்சைக்கான புதிய வழிகாட்டுதலை எய்ம்ஸும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து வெளியிட்டுள்ளன. லேசான தொற்றுக்குத் தனிமை, காய்ச்சல் மருந்து, ஆக்சிஜன் அளவைக் கவனித்து வருதல் ஆகியவை சொல்லப்பட்டுள்ளன. ஆக்சிஜன் 90–93 சதவீதம் வரை இறங்கிய, நடுத்தரப் பாதிப்புள்ள நோயாளிக்கும் எக்ஸ்ரேயைத்தான் தொடர்ந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நிலை மோசமானால் மட்டுமே மார்பு சி.டி. ஸ்கேன். ஸ்கேன் சென்டர் வாசல்களில் நிற்கும் கூட்டம் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 27

கூட்டத்துக்குக் காரணம் உண்டு. ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. ஸ்கேன் ரிப்போர்ட் அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது. படுக்கை கேட்டுப் போனால் சில மருத்துவமனைகளில் முதல் கேள்வியே ‘ஸ்கேன் எடுத்தாச்சா?’ என்பதுதான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சில விநாடி படுத்திருந்தால் போதும், படம் வந்துவிடும். கருப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரலில் வெண்மையாகப் புகை படிந்தாற்போல் இருந்தால் அது பாதிப்பு. நுரையீரலின் 5 மடல்களுக்கும் தலா 5 மதிப்பெண், மொத்தம் 25. இந்த ‘ஸ்கோர்’ இப்போது கல்யாணப் பேச்சில் சம்பளம் கேட்பதுபோல விசாரிக்கப்படுகிறது. நோய் தொடங்கி எத்தனையாம் நாளில் எடுத்த படம் என்று யாரும் கேட்பதில்லை. முதல் இரண்டு நாளில் எடுத்தால் தொற்று இருந்தும் படம் சுத்தமாக இருக்கக்கூடும்.

வசதி உள்ளவர் முதல் இருமலுக்கே ஒன்று, ஐந்தாம் நாள் மனநிம்மதிக்கு இன்னொன்று என எடுத்துக்கொள்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கே வருகிறார். அந்த நிலையில் மல்லாந்து படுக்க முடியாது. ஆக்சிஜனைக் கழற்றி ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. படுக்கையருகே தள்ளி வரும் எக்ஸ்ரே இயந்திரம்தான் கதி. ஸ்கேன் தேவையில்லாத இடத்தில் இரண்டு, தேவைப்பட்டிருக்கக்கூடிய இடத்தில் ஒன்றுகூட இல்லை.

மே 3

ஒரு சி.டி. கதிர்வீச்சில் 300–400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா சொன்னார்.

மே 6

குலேரியா சொன்னதைக் கதிரியக்க மருத்துவர் சங்கம் மறுத்துவிட்டது: அது பழைய கணக்கு, இன்றைய இயந்திரங்களில் அவ்வளவு இல்லை என்கிறது. பாடநூல் கணக்கில் மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 மில்லிசீவர்ட், வழக்கமான மார்பு சி.டி. 6–7, குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுத்தால் 1.5. எந்தச் சிற்றூர் சென்டர் எந்த முறையில் எடுக்கிறது என்று ரசீதில் அச்சிடுவதில்லை. சண்டை முழுக்கக் கதிர்வீச்சைப் பற்றியே நடக்கிறது. ஸ்கேனே கிடைக்காதவர் இரு தரப்பின் பேச்சிலும் இல்லை.

மே 10

தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. பேருந்து இல்லை.

மே 17

மகாராஷ்டிரம் சென்ற செப்டம்பரிலேயே சி.டி. கட்டணத்துக்கு வரம்பு கட்டியது: இயந்திரத்தைப் பொறுத்து 2,000 முதல் 3,000 ரூபாய். கர்நாடகம் இந்த மாதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1,500, மற்றவர்களுக்கு 2,500 என்று வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு இந்த ஆண்டுக் கூலி 273 ரூபாய். 2,500 ரூபாய் என்றால் ஒன்பது நாள் கூலிக்கு மேல். வேலையே இல்லாத ஊரடங்கில் அந்தக் கணக்கும் செல்லாது. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாய்தான். விலையைப் பொறுத்தவரை நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மையம் இருப்பது பெரிய ஊரில். போய்வர வண்டி பிடித்தால் ஸ்கேனைவிட வாடகை அதிகம். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்டும் அங்கே எந்நேரமும் இருப்பார் என்று சொல்ல முடியாது.

மே 18

கொரோனா கூட்டத்தால், புற்றுநோய்க்காகத் தேதி வாங்கி வைத்தவர்களின் ஸ்கேன் தள்ளிப்போகிறது. இதற்கு எந்த அறிக்கையும் வராது.

மே 20

கொரோனா வந்தவர்களைத் தாக்கும் கரும்பூஞ்சை, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகிவிட்டது. மூக்கின் பக்க அறைகளில் தொடங்கி கண்குழிக்கும் மூளைக்கும் ஏறுகிற நோய் இது. எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியாமல் அறுவைக்குப் போக முடியாது. எலும்பைச் சி.டி. காட்டும், கண்ணையும் மூளையையும் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அதுவும் இன்றே வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். கொரோனாவுக்கே கையிருப்பைக் கரைத்த குடும்பங்கள். கழக மையங்களில் எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய், வெளியே அதைவிடப் பல மடங்கு. சி.டி. உள்ள எல்லா அரசு மருத்துவமனையிலும் எம்.ஆர்.ஐ. இல்லை.

ஜூன் 21

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களில் பேருந்து ஓடத் தொடங்கியது. ஸ்கேன் சென்டர்கள் மலிந்த பகுதி இது. மற்ற மாவட்டங்களில் எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிறவர் இன்னும் வாடகை வண்டியில்தான் வர வேண்டும்.