பேர் போடப்படாத வேலை

தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் காட்டாத ஒரு பொருள் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, மாலையில் விதித்த நிறையைத் தராசிற் காட்டிவிட்டால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு ஒரு பேர் போடுவார். நிறை குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் இத்தனை பேர் என்று எண்ணித்தான் சம்பளம். பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது என்று இலக்கணம் படித்துப் பட்டம் பெற்று வந்த நமக்கு, காலத்தை மட்டுமே காட்டுகின்ற இந்தப் பேர் முதலில் விசித்திரமாகவே பட்டது.

கிராமத்துக் கண்டுபிடிப்பாளரைக் கைதூக்கிவிட வேண்டும், அவரைத் தொழில்துறையோடும் சந்தையோடும் இணைத்துவைக்க வேண்டும் என்று இன்று பல மேடைகளிற் பேசப்படுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர் மலைகளில் நின்று கேட்கும்போது அப்பேச்சு வேறு விதமாய் ஒலிக்கிறது. இங்குள்ள பெண் தொழில்துறையோடு இணைக்கப்படாதவளா? நூற்றைம்பது ஆண்டுகளாக அவள் பறித்த கொழுந்து உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இணைப்பில் என்ன குறை? அவளுடைய கை இணைக்கப்பட்டிருக்கிறது. கையை இயக்கும் அறிவுக்குத்தான் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

நாம் கற்பிக்கும் பாடசாலை தெரணியகலைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்பில் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றுக்காக மாணவர்களிடம் ‘வீட்டில் யாராவது ஏதாவது புதிதாகச் செய்திருந்தால் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லியிருந்தோம். பெரும்பாலானவர்கள் மின்குமிழும் மின்கலமும் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தன் தாயின் கொழுந்துப் பையைக் கொண்டுவந்தாள்.

கொழுந்துக் கூடையைச் சுமக்கும் முறையை வாசகர்கள் படங்களிற் பார்த்திருப்பார்கள். சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் தலைமேல் ஒரு கயிறு போகும். கூடையின் முழுப்பாரமும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதிலாகப் பை வந்துவிட்டது, கயிறு மாறவில்லை. மழையில் நனைந்த கொழுந்து பாரம் கூடும். சரிவில் ஏறும்போது கழுத்து பின்னுக்கு இழுபடும். நாற்பது வயதிற் கழுத்துவலி இல்லாத கொழுந்துக்காரியை நாம் கண்டதில்லை.

இந்தத் தாய் செய்திருந்தது இதுதான். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, தோளுக்கு இரண்டு பட்டிகள். உரச்சாக்கை மடித்துத் தைத்து இடுப்புக்கு ஓர் அகலமான கச்சு. பாரம் தலையை விட்டு இறங்கித் தோளிலும் இடுப்பிலும் பகிர்ந்து நிற்கிறது. டியூபுக்குச் சற்று இழுபடும் குணம் இருப்பதால் சரிவில் கால்வைக்கும்போது பை குலுங்குவதில்லை. மார்பருகே ஓர் உருவுமுடிச்சு. அதை ஒரு கையால் இழுத்தால் பை முழுவதும் கழன்று நிறுக்கும் இடத்தில் இறங்கிவிடும். அந்த முடிச்சை மட்டும் பதினைந்து முறை மாற்றிப் பார்த்ததாக அவர் சொன்னார். லயத்தில், இரவில், பிள்ளைகள் உறங்கிய பிறகு.

நாம் மகிழ்ந்துபோய், இதைக் கண்காட்சியோடு நிறுத்தாமல் தோட்ட நிர்வாகத்துக்கும் காட்டலாமே என்றோம். அவருடைய முகம் மாறிவிட்டது.

“ஐயோ சேர், இத தொரகிட்ட மட்டும் காட்டிப்புடாதீங்க. சொகமாத்தான பறிக்கிறீங்கன்னு நெறையக் கூட்டிப்புடுவாங்க.”

பொருளாதார நூல்களில் நாம் தேடி அலைகின்ற பாடம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. புதுமை ஏன் பரவவில்லை, தொழிலாளர் ஏன் மாற்றத்தை விரும்புவதில்லை என்று ஆய்வாளர் கேட்கிறார்களே, அவர்கள் இந்த அம்மாவிடம் வந்து கேட்கட்டும். உழைப்பை இலகுவாக்கும் எந்த உபாயமும் நாளைக்கு நிறையைக் கூட்டுவதற்குக் காரணமாகும் என்றால், அறிவுள்ளவர் அதை மறைத்தே வைப்பார். இது அறியாமை அன்று; நன்றாகக் கணக்குப் பார்த்த முடிவு. அச்சத்துக்கு ஆதாரமும் உண்டு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின், பல தோட்டங்களில் நாளொன்றுக்குரிய நிறை கூட்டப்பட்டதையும், எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போடப்பட்டதையும் மலையகத்தார் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

தோட்டத் தொழிலின் தொடக்கத்திலிருந்தே இக்கதைதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதையும், பின் கொழுந்தை உருட்டுவதற்கு ஒரு யந்திரத்தைத் தாமே அமைத்துக்கொண்டதையும் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது. யந்திரம் வருவதற்கு முன் அவருடைய பங்களா விறாந்தையில், மேசைமேல், கொழுந்தைக் கையால் உருட்டியவர்கள் இருந்தார்கள். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. யந்திரம் கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்துதான் என்று நாம் நினைக்கிறோம். டெய்லரின் திறமையை நாம் மறுக்கவில்லை. மற்றக் கைகளுக்குப் பெயர் இல்லை என்பதையே சொல்கிறோம்.

இந்தியாவில் இந்தக் குறையை நேராகவே எடுத்துப் பேசியவர் அகமதாபாத்துப் பேராசிரியர் அனில் குப்தா. 1980களின் பிற்பகுதியில் அவரும் தோழர்களும் ‘தேனீ வலையமைப்பு’ என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். தேனீ பூவிலிருந்து தேன் எடுக்கிறது, பூ அதனால் வறுமையடைவதில்லை, மகரந்தமும் பரவுகிறது. அறிவைத் திரட்டுகிறவரும் அப்படியே நடக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. எளிய மக்களிடம் பெற்றதை அவர்களுடைய பெயரோடு வெளியிட வேண்டும், அவர்களுடைய மொழியிலேயே அவர்களிடம் திருப்பித் தரவேண்டும், வருவாய் கிடைத்தால் பங்கு கொடுக்க வேண்டும். மதுரையிலிருந்து வெளிவந்த ‘நம் வழி வேளாண்மை’ இம்முயற்சியின் தமிழ்க் கிளை. 1997இல் குஜராத்தில் கண்டுபிடிப்பாளரை முதலோடும் சந்தையோடும் இணைக்கும் நிலையம் ஒன்றும், 2000இல் இந்திய அரசின் ஆதரவுடன் தேசியப் புத்தாக்க நிறுவனமும் தோன்றின.

ஆனால் அங்கும் எல்லாம் தேனாக முடிந்துவிடவில்லை. மகாராட்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற தலித் சிறு விவசாயி, 1983இல் தம் வயலில் வேறுபட்டு நின்ற சில கதிர்களைக் கண்டு, அவற்றைத் தனியே எடுத்து, ஆண்டுதோறும் தெரிந்து விதைத்து, மெல்லிய மணியுள்ள ஒரு நெல்லினத்தை உருவாக்கினார். வாங்கிய வியாபாரி அக்காலத்தில் பெயர்பெற்ற கைக்கடிகாரத்தின் பெயரை, ‘எச்.எம்.டி.’ என்று, அதற்குச் சூட்டினார். நெல் பல மாநிலங்களுக்குப் பரவியது. விவசாயப் பல்கலைக்கழகம் ஒன்றும் அதைத் தூய்மைப்படுத்தித் தன் பெயரின் முதலெழுத்துகளை முன்னே சேர்த்து வெளியிட்டது. கோப்ரகடேக்கு விருதுகள் கிடைத்தன. ஜனாதிபதி கையாற்கூடப் பெற்றார். 2018 ஜூனில் இறந்தபோது மருத்துவச் செலவுக்கும் வழியில்லாத ஏழையாகவே இறந்தார். அவருடைய நெல்லுக்குச் சந்தை இல்லையென்று யார் சொல்ல முடியும்? சந்தை நிறைய இருந்தது. கடிகாரத்துக்குப் பெயர் கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கிடைத்தது.

இதற்கு மறுபக்கமாகக் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தைக் காட்டலாம். பெண்களுக்கான சுகாதார அணையாடையைக் குறைந்த செலவிற் செய்யும் சிறு யந்திரத்தை அவர் ஆக்கினார். பெருங்கம்பெனிக்கு உரிமையை விற்றுவிட்டு ஒதுங்காமல், யந்திரத்தையே மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டுசேர்த்தார். ஒவ்வோர் ஊரிலும் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் அவ்வூர்ப் பெண்களே. 2016இல் பத்மஸ்ரீ வந்தது. அது வராவிட்டாலும் யந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். இருவருடைய அறிவிலும் ஏற்றத்தாழ்வு இல்லை. உற்பத்தி யார் கையில் இருந்தது என்பதிலேதான் வேறுபாடு.

நம் நாட்டிலும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு இருக்கிறது. ‘சஹசக் நிமவும்’ என்ற போட்டியையும் கண்காட்சியையும் அது நடத்துகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு. சமசமாஜக் கட்சியின் திஸ்ஸ விதாரண விஞ்ஞான தொழில்நுட்ப அமைச்சராயிருந்த காலத்தில் பிரதேச செயலகந்தோறும் ‘விதாதா’ நிலையங்கள் தொடங்கப்பட்டன. தொழில்நுட்பத்தைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்வது அவற்றின் நோக்கம். நல்ல நோக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தோட்டம் கிராமமா? நிர்வாகக் கணக்கில் நெடுங்காலம் தோட்டம் கம்பெனிக்குரிய இடமாகவே இருந்து வந்திருக்கிறது. கிராமத்துக்கு வருவது தோட்டத்தின் எல்லைக் கல்லோடு நின்றுவிடும்.

ஓர் அலுவலகத்துக்கு அந்தத் தாயையும் அழைத்துக்கொண்டு நாம் போனோம். படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்றார்கள். நாம் மொழிபெயர்த்து நிரப்பினோம். முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது. லய அறைக்குத் தனி முகவரி ஏது? அவருக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்துதான் அவர் கைக்கு வரவேண்டும். துரைக்குத் தெரியக்கூடாது என்று அஞ்சிய அதே பொருள் பற்றிய கடிதம்! கடைசியிற் பாடசாலை முகவரியை எழுதினோம்.

காப்புரிமை பற்றியும் விசாரித்தோம். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம், தொழில் ஒப்பந்தத்தை நிறைவேற்றும்போது செய்த கண்டுபிடிப்பின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, வேலைகொடுப்பவருக்கே சேரும் என்கிறது. கொழுந்து பறிக்க ஒப்பந்தமானவர் லயத்தில் இரவில் தைத்தது எந்த ஒப்பந்தத்தைச் சேர்ந்தது என்று வாதாடலாம். வாதாட வழக்கறிஞர் வேண்டும். அதுவும் போக, தோளிற் பை மாட்டுவது உலகத்துக்குப் புதிது அன்று. புதுமை என்று சட்டம் கேட்பது வேறு, ஒரு மலையில் நூறு கழுத்துகளைக் காப்பாற்றுவது வேறு. எனவே காப்புரிமை என்ற கனவை நாம் அதிகம் வளர்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. 2020 டிசம்பரில் இதே கேகாலை மாவட்டத்தில், கொரோனாவைத் தீர்க்கும் என்று ஒருவர் ஒரு பாணியைக் காய்ச்சினார். அதைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அதை அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று ஏற்பட்டது. கிராமத்துக் கண்டுபிடிப்பாளர் ஒருவருக்கு அரசும் சந்தையும் இவ்வளவு விரைவாகக் கதவு திறந்ததை நாம் முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. சோதித்துப் பார்ப்பதற்கு இந்த நாட்டிற் கூடங்கள் உண்டு. இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்திலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இருக்கிறது. சைக்கிள் டியூப் பட்டியை ஒருவர் அங்கே ஒரு வாரம் சுமந்து பார்த்துக் குறிப்பெழுத எவ்வளவு செலவாகும்?

சந்தை நாம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தோட்டத்தின் கீழ் எல்லையில் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் சிங்களக் கிராமம். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று தேயிலை வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்கள். இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று இத்தகையவர்களிடமிருந்தே வருகிறது. அவர்களுக்கு நிறை விதிக்கக் கணக்கப்பிள்ளை இல்லை; பறித்தது அத்தனையும் அவர்களுக்கே காசு. கழுத்து நோகாமல் இன்னும் ஒரு மணிநேரம் பறித்தால் அந்த ஒரு மணிநேரம் அவர்களுடையது. கண்காட்சிக்கு வந்த ஒரு சிங்களப் பெண் அந்தப் பையைத் தோளில் மாட்டிப் பார்த்து, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, உடனே விலை கேட்டார். தோட்டத்துப் பெண் மறைத்துவைக்க வேண்டியிருந்ததை ஓடைக்கு அப்பாலுள்ள பெண் வெளிப்படையாக வாங்கலாம். ஒரே செடி, ஒரே கொழுந்து. இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்க நமக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

இப்போது மூன்று பெண்கள் சேர்ந்து தைக்கிறார்கள். தையல் யந்திரம் ஒருவருடையது. டியூப் எட்டியாந்தோட்டைச் சைக்கிள் கடைகளில் நிறைக்கு வாங்குவது. முழு அமைப்பும் ஒரு சிறு கூட்டுறவாகப் பதிவாக வேண்டும் என்பது நம் எண்ணம். 1957இல் நாடெங்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தோற்றுவித்த பிலிப் குணவர்தன இந்தப் பக்கத்து அவிசாவளைத் தொகுதியின் பிரதிநிதிதான். அச்சங்கங்கள் அரிசி, சீனிக்கான கடைகளாகச் சுருங்கியதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். ஓடையின் இருகரைப் பெண்களும் ஒரு சங்கத்தில் உறுப்பினராகலாமா என்று கேட்டோம். அந்தத் தாய்க்குச் சம்மதம்; மற்ற இருவரும் யோசிக்கிறார்கள். சிங்களத்திற் கூட்டம் நடந்தால் தமக்கு விளங்காதே என்பது ஒருவரின் கவலை. நியாயமான கவலை.

தோட்டத்துக்குள்ளும் இதை வெளிப்படையாக மாட்டிக்கொண்டு போகும் நாள் வரவேண்டுமென்றால், புதிய உபகரணத்தைக் காரணங்காட்டி நிறையைக் கூட்டக்கூடாது என்ற ஒரு வரியைத் தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கவேண்டும். சம்பளத் தொகைக்காக மட்டும் கூடுகின்ற மேசையில் அந்த ஒரு வரிக்கு இடம் கேட்டு, நமக்கு அறிமுகமான தலைவர்கள் இருவருக்குக் கடிதம் எழுதினோம். ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ‘கவனத்தில் எடுத்துள்ளோம்’ என்று.

இதற்கிடையில் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் ஐம்பது பைகள் கேட்டிருக்கிறார். காசு விற்ற பிறகுதான். பையில் தம் கடையின் பெயரை அச்சடித்துத் தரவேண்டுமாம். நம்மிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். சொன்னோம். முடிவு அவர்களுடையது. வரும் ஞாயிற்றுக்கிழமை, கைக்காசு வேலை முடிந்த பிறகு, மூவரும் கூடிப் பேசுவார்கள்.