பாதம் பதியும் வரை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் கடைகள் குறைவு. அங்கே வேலை செய்பவர்களின் கைப்பக்குவமும் வேறு. கடல் சாமந்தியை அவர்கள் ‘அனிமோன்’ என்றே சொல்கிறார்கள். அதைப் பாறையிலிருந்து எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த வேலையின் சூட்சுமம் பிடிபட்டுவிடும். தேர்ந்த கை அதை இழுக்கவே இழுக்காது. பற்றியிருக்கும் பாதத்தின் ஓரத்தில் சிறு குழாயால் தண்ணீரைப் பீச்சுவார்கள். ஓரம் லேசாகச் சுருளும். அந்த இடுக்கில் விரல் நுனியைக் கொடுத்து ஒரு நெல்லளவு, பிறகு இன்னொரு நெல்லளவு என்று விடுவிப்பார்கள். கையில் வந்ததும் கவிழ்த்துப் பாதத்தைப் பார்ப்பார்கள். அங்கே கிழிந்திருந்தால் பிழைப்பது கடினம். அடுத்து நடுவிலுள்ள வாயைப் பார்ப்பார்கள். இறுக மூடியிருந்தால் சரி. தொளதொளவென்று பிளந்து கிடந்தால் அதை விற்கக் கூடாது. வீட்டுத் தொட்டியில் அனிமோன் நிலைக்குமா சாகுமா என்பது அது வந்து சேரும் நாளுக்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதே என் முடிவு. பிரித்தெடுத்த கை, அதைவிட முக்கியமாக, காத்திருக்கும் தண்ணீர், இவை இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன.

காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. பூப்போலத் தெரிந்தாலும் அது விலங்கு. கோமாளி மீன் குடியிருக்கும் வகைகளின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகிறது. அனிமோனில் தெரியும் பழுப்புச் சாயல் பாசியினுடையது. பால்வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதைப் புதியவர்கள் ஆசையோடு கேட்டு வாங்குகிறார்கள். பாசியை இழந்து பட்டினி கிடக்கும் உயிர் அது. உடலுக்குள் போகும் உப்பைக் கட்டுப்படுத்தும் உறுப்பும் அதற்குக் கிடையாது. வெளித்தண்ணீர் மாறினால் உள்ளேயும் மாறும். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25, 26 டிகிரி என்று எல்லோரும் எண்களைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணைத் தொட்டுவிடுவது சுலபம். நம் ஊர் வெயிலில் சிறு தொட்டித் தண்ணீர் ஒரே நாளில் கணிசமாக ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றி, சித்திரையிலும் நீர்க்குளிரூட்டியை ஓடவிட்டு, மின்வெட்டில் காற்றோட்டம் நிற்காமல் பார்த்து, அந்த எண்ணை மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பதுதான் வேலை. புதுத் தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா பெருகவே பல வாரங்கள் ஆகும். ஆறு மாதமாவது ஓடிய தொட்டி வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் விடும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சமே. பையிலுள்ள தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மணி நேரம் பழக்க வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது. நீரோட்டம் தரும் பவர்ஹெட்டை நிறுத்தி, அனிமோனைப் பாறை இடுக்கை ஒட்டி வைத்து, பாதம் பற்றிய பிறகு பவர்ஹெட்டை மெல்ல ஓடவிட வேண்டும். அதன் உறிஞ்சும் வாயில் வலையோ ஸ்பாஞ்சோ கட்டாயம் வேண்டும். இடம் தேடி நகரும் அனிமோன் அதில் சிக்கினால் அரைபட்டுப்போகும். செத்த அனிமோனிலிருந்து வெளியாகும் அம்மோனியா தொட்டி முழுவதையும் கொன்றுவிடக்கூடும். நகர்ந்ததை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பவர்கள் உண்டு. வெளிச்சமும் நீரோட்டமும் எங்கே தோது என்பது அதற்குத்தான் தெரியும். சில நாள் கழித்து இறாலில் ஒரு துணுக்கு கொடுத்துப் பார்க்கலாம். துப்பினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் விட்டும் பிழைத்திருக்கிறதே என்பார்கள். ஒரு மாதம் பிழைத்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பட்டினியில் அது மெல்ல மெல்லச் சுருங்கி, சில மாதங்கள் கழித்தே கரையும். விலையுயர்ந்த விளக்கும் கருவியும் இருந்தால் போதாதா என்றும் கேட்கலாம். ஸ்காட்லாந்தின் ஜான் கிரஹாம் டேலியெல் 1828இல் கடற்கரையில் எடுத்த ஒரு அனிமோன், கண்ணாடிக் குவளையில் கடல்நீரை மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டு, அவர் 1851இல் இறந்த பிறகும் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர். அது பாசியை நம்பாத குளிர்கடல் வகை, விளக்கு அதற்குத் தேவையில்லை. பவளக்கடல் வகைக்கு நல்ல விளக்கு வேண்டும்தான். ஆனால் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ‘பாட்டி’யை வாழவைத்தது விடாமல் நடந்த கவனிப்பு. எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது.

கோமாளி மீனுக்கு அனிமோன் வேண்டாமா என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. கடலில் வேண்டும். தொட்டியில் கட்டாயமில்லை. மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்துக் காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் அனிமோன் இல்லாமலே நலமாக வாழும், ஓட்டுத்துண்டின் மேல் முட்டையும் இடும். அனிமோன்களிலோ, தொட்டியில் தானே இரண்டாகப் பிரிந்து பெருகும் குமிழ்நுனி வகையை விட்டால், பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடுங்கி வரப்படுபவை. தொட்டி வைத்து எத்தனை மாதம் என்று கேட்டு, ஆறு மாதம் ஆகவில்லை என்றால் விற்க மறுக்கும் கடைக்காரரும் உண்டு. கையிலிருக்கும் வியாபாரத்தை விட்டுக்கொடுப்பவர் அவர். அனிமோனை அவரிடமே வாங்குங்கள்.