புகையோடு திரும்பும் இளமை

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. மைசூரில் தூறல் ஓய்ந்த காலை. வண்டிகள் கண்ணில் படும் முன்பே சத்தம் வந்துவிடுகிறது. பின்னாலேயே நீலப் புகை. ஜாவா-யெஸ்டி தினத்துக்காகக் கூடுபவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒருவர் முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார். உதைத்து ஸ்டார்ட் செய்யும் வேலையை மகனிடம் விட்டுவிட்டார். ஓட்டுவது மட்டும் அவர்தான்.

கூடும் இடம் பொருத்தமானதுதான். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவை ஐடியல் ஜாவா நிறுவனம் இந்த ஊரின் யாதவகிரியில்தான் தயாரித்தது. 1961-ல் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் ஆலையைத் திறந்துவைத்தார். எழுபதுகளில் பெயர் யெஸ்டி என்று மாறியது. 250 சி.சி. எஞ்சின், ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள். கியர் லிவரையே திருப்பினால் அதுதான் கிக்கர். கல்லூரி வாசலில் இதை ஒரே உதையில் உசுப்பத் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை இருந்தது.

எண்பதுகளின் மத்தியில் ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வந்தன. யெஸ்டி குடித்த பெட்ரோலில் பாதிகூட ஹீரோ ஹோண்டாவுக்குத் தேவைப்படவில்லை. பிறகு புகைக் கட்டுப்பாடு விதிகள். 1996-ல் ஆலை மூடப்பட்டது.

கூட்டத்தின் ஓரத்தில் தனியே நிற்கும் ஒரு பெரியவர் யாரிடமும் வண்டி விசாரிக்கவில்லை. ஓடும் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்கிறார். கார்புரேட்டரை லேசாகத் திருப்பச் சொல்கிறார். சத்தம் சீராகிறது. ஆலையில் வேலை பார்த்தவராம். ஓட்டியவர்களுக்கு அந்த வண்டி இளமை. அவருக்கு அது சோறு. இளமை எல்லோருக்கும்தான் போகும். ஆனால் நடு வயதில் சம்பளம் நின்றுபோனது அவரைப் போன்றவர்களுக்குத்தான்.

2018-ல் ஜாவாவும், 2022-ல் யெஸ்டியும் மீண்டும் சந்தைக்கு வந்தன. பொத்தானை அழுத்தினால் கிளம்பும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். புகை கிடையாது. தயாராவது மைசூரில் அல்ல, மத்தியப் பிரதேசத்தின் பிதம்பூரில்.

ஊர்வலம் கிளம்புகிறது. முழங்கால் பட்டைக்காரர் பெரியவரைப் பின் சீட்டில் ஏறிக்கொள்ளச் சொல்கிறார். சற்றுத் தயங்கிவிட்டு ஏறிக்கொள்கிறார் அவர். தான் பூட்டிய வண்டிகளில் இதுவும் ஒன்றா என்று அவருக்கு நினைவில்லை. இருந்தாலும், போகிற போக்கில் டாங்கை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்கிறார்.