டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கூப்பிட்டவருக்கு

அன்புள்ள மேடம்,

உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் மாவட்டம் தெரியும், மாவட்டம் தெரிந்தால் பள்ளி தெரியும், பள்ளி தெரிந்தால் அந்தப் பிள்ளையும் தெரிந்துவிடும். எங்கள் ஊர் அப்படி. மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கும் உளவியலாளர் ஒருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி எழுதுவது என்ற அளவில் இருக்கட்டும். பத்து பேர் படிக்கிற இடத்தில் எழுதக் காரணம், நீங்கள் செய்ததை யாரும் ஒரு வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

உயிரை விடப் போன எங்கள் பள்ளிப் பிள்ளையைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் 108 என்பார்கள், அவசரப் பிரிவு டாக்டர் என்பார்கள். உண்மைதான். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நர்சுகளை அந்தக் குடும்பம் இன்றும் கும்பிடுகிறது. ஆனால் நாடித்துடிப்பு சீரானதும் அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அடுத்த படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிற இடத்தில் உங்கள் வேலை ஆரம்பித்தது. உயிரை விடப் போய்ப் பிழைத்து வந்தவர்களுக்கு வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களுமே அதிக ஆபத்தானவை என்பதை நான் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

நம் வீடுகளில் அந்த வாரங்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் ‘ஃபுட் பாய்சன்’, பள்ளிக்கு வரும் லீவு லெட்டரில் டைஃபாய்டு. குலதெய்வம் கோவிலுக்கு ஒரு நடை, மந்திரித்த கயிறு. பார்க்க வரும் பெரியம்மா, “எங்களையெல்லாம் நெனச்சுப் பாத்தியாடி” என்று அழுதுவிட்டுப் போவார். பெண் பிள்ளை என்றால் சீக்கிரம் ஒரு இடம் பார்த்து முடித்துவிடலாம் என்று யாராவது தொடங்குவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பிள்ளையிடம் பேச வேண்டியதை ஒருவரும் பேசுவதில்லை.

இதற்கு மேல் போலீஸ் பயம். ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (மருத்துவ-சட்டப் பதிவு) போட்டிருக்கிறார்கள், இனி கேஸ்தான் என்று பிள்ளையின் அப்பா உங்கள் போனை எடுக்காமலே இருந்தார். நீங்கள் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு அவரைப் பிடித்தீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 115-ஆவது பிரிவு இருக்கிறது, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று பொறுமையாகச் சொன்னீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவே கிடையாது என்றும் சொன்னீர்கள். வக்கீல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ, நீங்கள் சொல்லி நம்பினார்.

பிறகு பிள்ளையிடம் பேசினீர்கள். சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா, மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார்கள் என்று கேட்டீர்கள். கடைசியாக, சுற்றி வளைக்காமல், “அந்த நெனப்பு திரும்ப வந்துச்சா?” பள்ளியில் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே பயப்படுவோம், கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகுமே என்று. அப்படி ஆகாது, நேராகக் கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விளக்கினீர்கள். அதுவும் அந்தப் பிள்ளையிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் பள்ளிப் பக்கமே வந்தீர்கள். காரணம் என்ன என்று எங்களில் ஒருவர் துருவியபோது, இதில் ஒற்றைக் காரணம் என்று ஒன்று இருப்பதில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது உங்கள் நல்ல மனசு மட்டும் என்று நினைத்திருந்தேன். இதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது, அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு என்பது பிறகு படித்துத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் 2005 வரை பிரேசிலின் கம்பினாஸ், சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்த 1,867 பேரை இதில் சேர்த்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. அதன் பின் 1, 2, 4, 7, 11-ஆவது வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆவது மாதங்களிலும் போனிலோ நேரிலோ விசாரிப்பது. அவ்வளவுதான். 2008-இல் முடிவு வெளியானது. பதினெட்டு மாதங்களில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். மீண்டும் முயன்றவர்களின் விகிதம் ஐந்து இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாவு குறைந்தது. சென்னையில் இந்தப் பணியை நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986-இல் சென்னையில் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். அன்று போன் எடுத்துப் பேசிய, வீடு தேடிப் போன முகம் தெரியாத எல்லாருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

நன்றி சொல்ல வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் ஒன்று. வார்டில் இருந்த ஒரு நர்ஸ் தானாக எழுந்து போய் உங்களிடம் சொன்னதால்தான் அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிய வந்தது. அன்று அவருக்கு வேறு ஷிஃப்ட் விழுந்திருந்தால்? இதை நிரூபித்துக் காட்டிய மாநிலத்திலேயே இந்த இணைப்பு இன்னமும் ஒருவருடைய நல்ல சுபாவத்தில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. அதே பட்டியலில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு விசாரிப்பும் சேரலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்த அழைப்பின் தேதியும், அழைக்கப்போகிறவரின் பெயரும் அச்சிட்ட ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். அதிகச் செலவு பிடிக்கிற காரியமும் இல்லை.

பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறது. உங்களிடம் வேறு பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். பதில் எழுத வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: மனநல உதவி எண் டெலி-மனஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் உடனே கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறது என்றால், அடுத்த வாரம் பிள்ளையிடம் பேசப்போவது யார் என்று கேட்டுப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நன்றியுடன்,
ஒரு முதுகலை ஆசிரியை