நுரை பொங்கும் ஆறு... ஆயாவைக் கரைக்க ஓசூரிலிருந்து ஒரு பயணம்!

ஓசூர் பக்கம் மழை பெய்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு ஒரு வீடியோ வந்துவிடும். கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணை வெள்ளை வெளேரென நுரை பொங்கி ஓடும் காட்சி. 'ஆறா, பனிமலையா?' என்று தலைப்பு வைத்து நானே அதைப் பதிவேற்றியிருக்கிறேன். நன்றாகப் போகும். சொந்த ஊர் ஓசூர் என்றாலும், அந்த ஆறு எனக்கு வெறும் செய்திதான். ஆயா இறக்கும்வரை.

அஸ்தியை எங்கே கரைப்பது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஓசூர்க்காரர்கள் பலர் எல்லை தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணம் போவார்கள். காவிரி அங்கே மேற்கு நோக்கித் திரும்பும் இடம் பச்சிமவாகினி. 1948-ல் காந்தியின் அஸ்தியும் அங்கே கரைக்கப்பட்டது. பெரியப்பா ஒகேனக்கல் என்றார். ஆனால் ஆயா முன்பே சொல்லி வைத்திருந்தார்: "பெண்ணையாத்துத் தண்ணில வளர்ந்தவ நான். என்னை அதுலயே விட்டுடுங்க."

பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஆறு இருக்கிறது. "நுரையில எங்கம்மாவை விட எனக்கு மனசு வரல" என்றார் அப்பா. அதனால் அதே ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு, ஊத்தங்கரை தாண்டி இருக்கும் அனுமன்தீர்த்தத்துக்குக் கிளம்பினோம். நூறு கிலோமீட்டருக்கு மேல்.

சிப்காட் ஆலைகளின் சுற்றுச்சுவர்கள், ஷிஃப்ட் பேருந்துகள், வரிசையாக லாரிகள். அந்தப் பேருந்தில் ஏறி இறங்கியே முப்பது வருடம் ஓட்டியவர் அப்பா. மடியில் மஞ்சள் துணி கட்டிய கலயத்துடன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அந்த மூன்று நாள்கள் ஓடின. சாவு வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியிலும் அழுகை. பேரப்பிள்ளைகள் எல்லோரும் நெய்ப்பந்தம் பிடித்தோம். 'எதற்கு இந்தச் சடங்கெல்லாம்?' என்று கேட்பவள்தான் நான். அன்று கேட்கவில்லை. கை நடுங்காமல் பந்தத்தைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. அழுவதற்கு நடுவே செய்ய ஒரு வேலை கிடைத்தது.

மயானத்தில் அப்பா தோளில் நீர்க்குடத்துடன் மூன்று சுற்று வந்தார். சுற்றுக்கு ஒரு துளை. தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குடம்தான் உடல், ஒழுகிய நீர்தான் உயிர் என்பார்கள். யாரும் விளக்காமலே அன்று அது எனக்குப் புரிந்தது. வந்தவர்களும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல்தான் கிளம்பினார்கள். சாவு வீட்டில் விடைபெறக் கூடாது என்பது வழக்கம். மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கினார்கள். ஒவ்வொரு சடங்கும் ஆயாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. ஒரேயடியாகப் பிடுங்கவில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பாறை மேல் வரிசையாக நிற்கும் கல்திட்டைகள், பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. வயல் ஓரங்களில் நடுகற்கள் நிற்கின்றன. எழுத்து தேய்ந்துபோன கல்லுக்கும் பொங்கலன்று பொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அனுமன்தீர்த்தத்துக்கு ஒரு கதை உண்டு. தீர்த்தமலையில் ராமர் பூஜை செய்ய, அனுமன் கங்கை நீர் கொண்டுவரப் போனார். அவர் வரத் தாமதமாகவே, ராமர் மலையில் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்தார். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் வீசிய கலயம் விழுந்த இடம் இது. ஆகவே இங்கே ஓடுவது கங்கையும்தான் என்பது நம்பிக்கை. ஆடிப்பெருக்கில் புனித நீராடக் கூட்டம் அலைமோதும்.

நாங்கள் போன நாளில் கூட்டமில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர். எள்ளும் நீரும் விட்டதும், "ஆத்துக்கு முதுகு காட்டி விடுங்க. விட்டதும் திரும்பிப் பார்க்காதீங்க" என்றார் ஐயர். அப்பா கலயத்தைத் தோளுக்கு மேலாக விட்டார். மூழ்கி எழுந்து கரையேறினார். திரும்பவே இல்லை.

காரில் ஏறியதும் கேட்டேன்: "அதே ஆறுதானேப்பா... மேல இருந்த அழுக்கும் இங்கதானே வரும்?"

"தெரியும்மா. ஆயாவும் கடலூர்ல கடலுக்குப் போற வரைக்கும் அதோடதான் போகணும்" என்றார். மயானத்திலும் கரையிலும் அழாதவர், அப்போதுதான் அழுதார்.

அடுத்த நாள் அவருக்கு முதல் ஷிஃப்ட். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் மறுபடி லீவு.

போன மழைக்கு அந்த வீடியோ மறுபடி வந்தது. 'பனிமலை' என்று எழுத இந்தமுறை கை வரவில்லை. பெங்களூரு பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வரும் நீர் என்று எழுதினேன். வழக்கத்தைவிடக் குறைவானவர்களே பார்த்தார்கள். தலைப்பை மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை.