அப்பாவின் கணக்கை அழிச்ச 17 பைட்!

'எரர்'னு திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை மக்களே. ராத்திரி பதினோரு மணிக்கு என் கால்குலேட்டர் காட்டினது ஒரே வரி: 'ரேம் க்ளியர்டு'. உள்ளே இருந்தது அப்பாவோட மூணு மாசக் கணக்கு!

பொங்கலூர்ல வீட்டுக்குப் பின்னாடியே ஷெட். சின்னச் சின்ன ஆர்டர் எடுத்து பனியன் தைச்சுக் கொடுக்கிறார் அப்பா. அமெரிக்காவுல இருக்கிற பெரியப்பா பையன், தன்னோட பழைய டிஐ-83 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டரை எனக்குத் தந்துட்டுப் போனார். எங்க எக்ஸாம் ஹாலுக்குள்ள புரோகிராம் பண்ற கால்குலேட்டருக்கு நோ என்ட்ரி. சரின்னு அப்பாவுக்காக பேசிக்ல ஒரு புரோகிராம் எழுதினேன். உயரமும் கையும் தையலுக்கு விடுறதும் சேர்த்து 104 செ.மீ., அகலம் 58 செ.மீ., முன்-பின் ரெண்டு பக்கம், துணி 180 ஜிஎஸ்எம்... தட்டினா பீஸுக்கு 217 கிராம். ஸ்டைல் வாரியா லிஸ்ட்ல ஏறிடும். அப்பா டைரியில எழுதுறதையே விட்டுட்டார்.

அதோட நான் நிறுத்தியிருக்கலாம். கோடு போட்ட துணியைத் திரையில வரைஞ்சு காட்டினேன். "இதையே கலர் மாத்திக் காட்டு கண்ணு"ன்னார். திரையில 96-க்கு 64, மொத்தம் 6,144 புள்ளி. பேசிக் ஒவ்வொரு புள்ளியா மாத்துறதுக்குள்ள டீ குடிச்சுட்டே வந்துடலாம்.

அசெம்ப்ளியில அதே படம் மெமரியில வெறும் 768 பைட். ஒரு பைட்டைப் புரட்டினா எட்டுப் புள்ளி மாறிடும். பேசிக் புரோகிராமுக்குள்ளேயே ஒரு கட்டளை கொடுத்து அசெம்ப்ளி ரொட்டீனைக் கூப்பிட்டுக்கலாம். உள்ளே இருக்கிறது இஸட்80 சிப். லேப்ல நாம மாரடிக்கிற 8085-க்கு ஒண்ணுவிட்ட சகோதரன்! ரெண்டுமே 1976-ல வந்தவை, ரெண்டுக்கும் மூலம் இன்டெல் 8080. லேப்ல '2எஃப்' அடிச்சா சிஎம்ஏ. இங்கேயும் அதே வேலைதான். 'சி9' அங்கேயும் இங்கேயும் ரிட்டர்ன். (இஸட்80-க்கு 2024-ல ஸைலாக் கம்பெனி விடை கொடுத்துடுச்சு. நம்ம லேப் கிட்டுக்கு எப்போன்னு தெரியலை!)

ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து 17 பைட் தட்டினேன். லூப் திரும்ப வேண்டிய முகவரி 9டி9பி. கீழ் பைட் முதல்ல வரணும், அதாவது '9பி 9டி'. வைவாவுல மேடம் கத்திக் கத்திச் சொன்ன விஷயம். நான் படிக்கிற வரிசையிலேயே அடிச்சுத் தொலைச்சேன். பேசிக்னா 'எந்த வரியில தப்பு'ன்னு நின்னு சொல்லும். அசெம்ப்ளிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. சொன்ன இடத்துக்குத் தாவும், அங்க என்ன குப்பை இருந்தாலும் கட்டளைன்னு நினைச்சு ஓட்டும். லிஸ்ட்டை ஆர்க்கைவ்ல போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். போடலை.

மறுநாள் காலையில பையிங் ஆபீஸுக்கு அப்பா ரேட் சொல்லணும்.

எழுப்பிச் சொன்னேன். திட்டலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. கட்டிங் சீட்டையெல்லாம் கொட்டிப் படிச்சார், நான் தட்டினேன். பதினாலு ஸ்டைல்ல பதினொண்ணு தேறிச்சு. மீதி மூணுக்கு சாம்பிள் பீஸைத் தராசுல வெச்சு எடை பார்த்தோம். மணி ரெண்டு. முதல் வேலையா எல்லாத்தையும் ஆர்க்கைவ் பண்ணினேன்.

"அந்தக் கலர் மாத்துறது என்னாச்சு?"ன்னார்.

ரெண்டு பைட்டை இடம் மாத்தி, பயந்துக்கிட்டே என்டர் தட்டினேன். கறுப்பெல்லாம் கண்ணிமைக்கிறதுக்குள்ள வெள்ளையாச்சு.

"வெள்ளை கிரவுண்டுதான் நல்லாருக்குது"ன்னு சொல்லிட்டு, டைரியை எடுத்து மூணு எடையையும் பேனாவுல எழுத ஆரம்பிச்சார்.