சுண்ணாம்பு இடிச்ச கை

எங்க ஆயா சித்தாளு. அரியாங்குப்பத்திலிருந்து நடந்தே புதுச்சேரிக்குப் போய், பழைய வீடுகளின் மராமத்துக்குச் சுண்ணாம்பு இடிச்சவள். “வேல நடக்கிற வரைக்கும் கூடத்துல நிப்போம். வேல முடிஞ்சா திண்ணையிலகூட உக்கார முடியாது” என்பாள்.

ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பார்த்தபோது அவள் நினைவுதான் வந்தது. 1738 வாக்கில் கட்டிய வீடு. கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுக்காரர் பாணி. கவர்னர் டூப்ளேயின் துபாஷி வாழ்ந்த இடம், பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். காப்பாற்றட்டும். யாருடைய பாரம்பரியம் என்றுதான் கேட்கிறேன்.

பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் 1745இல் ஒரு சேதி இருக்கிறது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து ஒரு சுவர் நின்றது. நம் ஆட்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

அம்பேத்கருக்கு நூற்றைம்பது வருஷம் முன்னால் நடந்த கலகம் இது. நம்மவர் யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத விடவில்லை. துபாஷியின் பேனாதான் அதற்குச் சாட்சி. அந்த வீட்டை நான் வேண்டாமென்று சொல்லாததற்கு இதுவே காரணம்.

தூணைக் காட்டுகிறவர்கள் அந்தச் சுவரின் கதையையும் சொல்லட்டும். அந்தக் காலத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு இடிச்ச கைகளையும் சொல்லட்டும். அதுவரை அது பிள்ளை வீடுதான். எங்க ஆயாவுக்கும் அதில் பங்கு உண்டு என்றால்தான் அது ஊர்ச் சொத்து.